சோயா மொச்சைக்கு இட ஒதுக்கீடு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் அலுவலர்கள் கள்ளக்குறிச்சியில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தியாகதுருகம் பக்கம் மக்காச்சோளத்தோடு சோயாவையும் சேர்த்துப் போட்டு ஒரு செயல்விளக்கத் திடல் அமைக்கிறார்களாம். சாலையோரம் பலகை ஒன்று வைக்க வேண்டும். பெயிண்டர் எழுதினால் பிழையாக எழுதுகிறாராம்.

“ஒங்க பொண்ணு டீச்சர் நல்லா எழுதுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க சார்” என்று ஒருவர் ஆரம்பித்தார்.

நான் “முடியாது” என்றேன். அவர் இன்னும் கேட்கவே இல்லை. என் கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது. என் மனைவி ஈரத்துணியோடு வந்து, “அவரு போர்டுன்னா அப்படித்தாம்பா” என்று அவர்களுக்கு விளக்கம் சொன்னாள். அந்த விளக்கம் போதவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. போதுமான விளக்கம் கொஞ்சம் நீளமானது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் ஏன் விருப்ப ஓய்வு வாங்கினேன் என்று கேட்பவர்களிடம் முதுகுவலி என்று சொல்லி வருகிறேன். முதுகுவலியும் இருக்கிறது. ஆனால் ஒரு ஜீப் என் தெருவில் நின்றால் முதலில் வலிப்பது முதுகு அல்ல.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு ஆண்டுகள் நெல்லைப் பற்றிப் படித்தேன். முதல் வேலையைக் கல்வராயன் மலையில் போட்டார்கள். நான் போன ஊர்களில் சாமையும் தினையும்தான் விளைந்தன. நான் அந்த மக்களுக்கு நெல்லைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெயிலில் வந்தவன் என்று இரக்கப்பட்டுத் தேன் கொடுத்து அனுப்பினார்கள். எனக்குச் சாமை ஓரளவு புரியத் தொடங்கியபோது நெல் விளையும் சமவெளிக்கு மாற்றினார்கள். அதற்குள் நெல் மறந்துவிட்டது. எங்கள் துறையில் இதற்கு அனுபவம் என்று பெயர்.

பிறகு பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறை வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி. மற்ற நாள்களில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை என்று பார்வையிடல். அந்தக் கிழமையை மாற்ற எனக்கோ பூச்சிக்கோ அதிகாரம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஊரில் புதன்கிழமை பூச்சி விழுந்தால், அது என் அடுத்த செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது காத்திருந்தது. பயிர்தான் காத்திருக்கவில்லை.

எங்கள் உதவி இயக்குநர் வரதராசன் தெற்கத்திக்காரர். நல்ல தமிழ் அறிந்தவர். வயலைப் பார்வையிட அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஜீப்பை நிறுத்துவார். இறங்கி வரப்பு தொடங்கும் இடத்தில் நிற்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். “வளம்” என்பார், அல்லது “வளம் குறைவு” என்பார். பிறகு ஜீப்பில் ஏறிவிடுவார். வயலுக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அறிக்கைகளுக்குள் முழங்கால் வரை இறங்குவார். ‘தண்டு துளைப்பான் தாக்குதல் கடுமை’ என்று நான் எழுதி அனுப்பினால், நான் விட்டுவிட்ட ‘த்’ ஒன்றைச் சிவப்பு மையில் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். துளைப்பானை என்ன செய்வது என்று ஒரு வரியும் இருக்காது. கெட்ட மனிதர் அல்ல. யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரையும் அதட்டியதில்லை. ஒற்று மிகாத இடத்தில் மிகுந்தால் மட்டும் அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்படிப்பட்டவரின் காலத்தில்தான் சோயா வந்தது. அதற்கு மேலிடத்தில் ‘சோயா மொச்சை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மொச்சை என்று சொன்னால் விவசாயிகள் ஆசையாக வாங்குவார்கள் என்பது கணக்கு. கணக்கு சரிதான், வாங்கினார்கள்.

தியாகதுருகத்துக்குத் தெற்கே, என் செவ்வாய்க்கிழமை ஊரில், அஞ்சலை என்றொரு பெண்மணி. கணவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் அஞ்சலையின் பொறுப்பு. மகன் சேகர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அஞ்சலை எனக்குத் தொடர்பு விவசாயி. நான் அவரிடம் சொன்னால் அவர் பத்துப் பேரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் சொன்னார். ஆனால் நான் சொன்னதை அல்ல.

முதல் ஆண்டு விதையைக் கொடுத்து, “மக்காச்சோளத்துல ஊடுபயிரா போடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வேலூர்ப் பக்கத்து ஆள். அலுவலகத் தமிழும் ஊர்த் தமிழும் ஒன்றை ஒன்று முட்டும் இடங்கள் எனக்கே சில சமயம் தப்பிவிடும். இரண்டு மாதம் கழித்து உதவி இயக்குநர் பார்வையிட வந்தார். வயலில் மக்காச்சோளம் மட்டும்தான் நின்றது.

“ஊடுபயிர் எங்கே அம்மா?” என்று கேட்டார்.

“தோ, வாங்க சார்” என்று அஞ்சலை முன்னே நடந்தார். வயலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தன் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து சோயாச் செடிகள், பாதி இலையோடு. “வூட்டுப் பயிரு. நீங்க சொன்னாப்லயே வூட்டாண்ட போட்டுகிறேன். கோழிதான் துன்னுட்டு துன்னுட்டுப் போவுது.”

உதவி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘ஊடு’ என்றால் இந்தப் பக்கத்தில் வீடு என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு மாவட்டமே தவறாகப் பேசுவதற்கு நான் பொறுப்பு என்று இருந்தது.

கோழிக்குத் தப்பிய விதையை அஞ்சலை சமைத்தும் பார்த்துவிட்டார். “ஒங்க மொச்சைய கொழம்பு வச்சேன் சார். காலையில அடுப்புல போட்டது மத்தியானம் வரைக்கும் வேவல. எங்க வூட்டுக்காரரு ஒரு வாய் வச்சிட்டு, லீவக் கேன்சல் பண்ணிட்டு மில்லுக்கே போயிட்டாரு.”

அடுத்த ஆண்டு, ஆடிப் பட்டத்துக்கு முந்தைய பயிற்சிக் கூட்டத்தில் உதவி இயக்குநர் எழுந்து நின்றார். ஊடுபயிர் என்ற சொல்லால் குழப்பம் நேர்கிறது, ஆகவே அதை இனி யாரும் பயன்படுத்த வேண்டாம் என்றார். இரண்டு வரிசை மக்காச்சோளத்துக்கு நடுவே ஒரு வரிசை சோயாவுக்கு இடம் ஒதுக்குகிறோம். எனவே சரியான தொடர்: சோயா மொச்சைக்கு இட ஒதுக்கீடு.

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்போது எங்கள் பக்கத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தச் சொல்தான். கல்லூரியிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு கேட்டு மக்கள் திரண்டுகொண்டிருந்த நேரம். நான் எழுந்து, “ஐயா, அந்தச் சொல் இப்போ ஊர்ல வேற பொருள்ல நடமாடுது” என்றேன்.

“சொல்லுக்குப் பொருள் அகராதியில் இருக்கிறது, ஞானவேல். ஊரில் இல்லை” என்றார் அவர்.

திடலாக அஞ்சலையின் வயல் தேர்வானது. பலகையும் வந்தது. ஒரே பலகையாக வாங்கினால் செலவு அதிகம் என்று, இரண்டு குறுகிய பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சட்டம் அடித்திருந்தார்கள். எழுத ஆள் இல்லை. என் மகள் கலைச்செல்விக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். எங்கள் தெரு ரேஷன் கடையின் பலகை அவள் எழுதியதுதான். அவள் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையில்தான் பலகையை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மேல் பலகையில் ‘சோயா மொச்சைக்கு’ என்று எழுதினாள். கீழ்ப் பலகையில் ‘இட ஒதுக்கீடு செய்வீர்’. அதன் கீழே சின்னதாக எங்கள் துறையின் பெயர். பச்சை வண்ணம். இரண்டு பலகைகளுக்கும் நடுவில் இருந்த விரிசல் இரண்டு வரிகளுக்கு நடுவில் சரியாக அமைந்துவிட்டது என்று அவளும் நானும் மகிழ்ந்தோம்.

விதைப்பு அன்று நானே நின்றேன். சோயா விதையை அப்படியே போடக் கூடாது. ஆறிய அரிசிக் கஞ்சியில் நுண்ணுயிர்ப் பொட்டலத்தைக் கலக்கி, அதில் விதையைப் பிசிறி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் பட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். கஞ்சி சூடாக இருந்தாலும் செத்துவிடும். அஞ்சலை பிசிறிக்கொண்டே, “விதைக்குக் கஞ்சி ஊத்தி நெழல்ல படுக்க வைக்கிறீங்க. எங்களுக்கு எப்ப சார் ஊத்துவீங்க?” என்றார். உதவி செய்துகொண்டிருந்த சேகர், “நாம சோயாவா பொறந்திருக்கணும்மா” என்றான்.

அடுத்து வந்தது களைக்கொல்லி. மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற மருந்து இருக்கிறது. விதைத்த மூன்று நாளுக்குள் ஈர மண்ணில் தெளிக்க வேண்டும். மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. அகன்ற இலைக் களைகளை முளைக்கவிடாது. அந்த மருந்துக்கு சோயாவும் ஓர் அகன்ற இலைக் களைதான். இடம் ஒதுக்குவது ஒரு திட்டம், அட்ரசின் விநியோகிப்பது இன்னொரு திட்டம். இரண்டுக்கும் இலக்கு உண்டு, இரண்டையும் ஒரே வயலில் முடிக்கச் சொன்னார்கள். சாலையோரத்துப் பெரிய விவசாயி ஒருவர் சொன்னபடி செய்தார். மக்காச்சோளம் வந்தது. சோயா வரிசையில் மண் மட்டும் இருந்தது. இடம் ஒதுக்கப்பட்டது, நிரப்பப்படவில்லை. அரசாங்கத்தில் இது புதிதல்ல என்பதால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை.

அஞ்சலையிடம், “இத வாங்கிக்குங்க, ஆனா அடிச்சிடாதீங்க” என்றேன்.

“அடிக்கக் கூடாத மருந்த இன்னாத்துக்குக் குடுக்கறீங்க?”

“குடுக்கணும்மா.”

அவர் மேலே கேட்கவில்லை. பாக்கெட்டை வாங்கி மோட்டார் கொட்டாயின் கூரையில் செருகிவிட்டு, ஆள் வைத்துக் களை எடுத்தார். இரண்டு மாதத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் போய்ப் பூத்தது. அதன் இரட்டை வரிசைகளுக்கு நடுவே சோயா இடுப்பளவுக்கும் கீழே, காய் பிடித்து நின்றது. என் பணிக்காலத்தில் படத்தில் இருப்பதுபோலவே வயலில் இருந்த பயிர் அது ஒன்றுதான்.

அப்போதுதான் மறியல் தொடங்கியது. சாலைகளில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பேருந்துகள் நின்றன. எங்கள் மாவட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது. மறியல் முடிந்த பிறகு கைது தொடங்கியது. ஊர்களில் இளைஞர்கள் வீட்டில் தங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் மக்காச்சோளத்துக்குள் போய்விடுவார்கள் என்று பேச்சு. அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் மக்காச்சோளம் நன்றாக வளர்ந்திருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கருணாபுரத்தில் குடியிருந்த ஏட்டு ஒருவர் வாசலில் நின்றார். தெரிந்தவர்தான்.

“சார், ஐயா கூப்புடறாரு. சும்மா ஒரு போர்டு விசயம்.”

“என்ன போர்டு?”

“ஒங்க டிபார்ட்மெண்டு போராட்டத்துல கலந்துகிச்சாமே.”

நிலையத்தில், மேசைக்கு எதிரே பெஞ்சின் மேல் எங்கள் பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்ப் பாதி மட்டும். ‘இட ஒதுக்கீடு செய்வீர்’ என்று பச்சையில் முழங்கிக்கொண்டு, கீழே எங்கள் துறையின் பெயரோடு. ஊர்வலத்தில் யாரோ பிடித்துப் போயிருக்கிறார்கள். தடியடியில் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

ஆய்வாளர் பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர். பல நாள் தூங்காத கண்கள். “கட்சி போர்டு பாத்திருக்கேன், சங்கத்து போர்டு பாத்திருக்கேன். கவர்மெண்ட்டே கவர்மெண்ட்ட எதிர்த்து போர்டு வச்சத இப்பதான்யா பாக்கிறேன்” என்றார்.

“சார், அது சோயாவுக்கு” என்றேன்.

“யாரு சோயா?”

“பயிர் சார். ரெண்டு வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை சோயா.”

“மூணுல ஒண்ணா? இவங்க கேக்கிறதவிட ஜாஸ்தியா இருக்கே. எந்த ஜாதி?”

“பயறு ஜாதி சார்.”

ஏட்டு சிரித்துவிட்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. நான் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். அந்த நேரத்தில் உதவி இயக்குநர் தானாகவே ஜீப்பில் வந்து இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. அவர் பலகையை இரண்டு முறை படித்தார்.

“நான் கூறிய தொடரில் நான்காம் வேற்றுமை இருந்தது. இதில் இல்லை. ஆகவே இது என் தொடர் அன்று” என்றார்.

“நாலாவதா ஒருத்தன் இருக்கானா? அவன் எங்க?” என்று ஆய்வாளர் ஏட்டைக் கேட்டார்.

ஏட்டுக்கு எனக்கு உதவ ஆசை. “ஐயா, இந்த எழுத்து நான் பாத்த எழுத்துதான். நம்ம ரேஷன் கடை போர்டு மாதிரியே கீது. அத எழுதினது…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். தாமதம்தான்.

“யாரு எழுதினது?” என்றார் ஆய்வாளர்.

“நான்தான் சார்.”

சுண்ணாம்புக் கட்டியை என்னிடம் நீட்டிச் சுவரில் எழுதச் சொன்னார். ‘இட ஒதுக்கீடு’ என்று எழுதினேன். என் எழுத்து ஈர மண்ணில் கோழி நடந்ததுபோல் இருக்கும். அன்று கோழிக்குக் காய்ச்சலும் இருந்தது. ஆய்வாளர் சுவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். உதவி இயக்குநர் முன்வந்து, “சுவரில் இருப்பது இவருடைய எழுத்துத்தான். பலகையில் இருப்பது இவருடையது அன்று” என்று தெளிவுபடுத்தினார். உண்மை பேசுவதற்கு அவர் நேரம் காலம் பார்ப்பதில்லை.

ஆய்வாளர் தொப்பியை எடுத்தார். “ஒண்ணு, மேல் பாதிப் பலகையும் அந்த சோயாவும் இருக்குன்னு எனக்குக் கண்ணால காட்டு. இல்லன்னா, சாயந்தரம் எழுதினவங்க இங்க வந்து உக்காரணும்.”

இதைப் படிப்பவர்களில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பெண், காவல் நிலைய பெஞ்சு, தெருவே வாசலில் நின்று பார்க்கும். ஒரு வழக்கில் பெயர் ஏறினால் ஆசிரியர் பயிற்சி போச்சு, அரசு வேலை போச்சு. இட ஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்களுக்காவது கேட்ட நிறைவு இருக்கும். இவள் ஒரு பயற்றுக்காகக் கேட்டிருக்கிறாள். உதவி இயக்குநர் தன் ஜீப்பில் பின்னால் வந்தார். போலீஸ் ஜீப்பில் நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாலை சரியில்லை என்று ஏட்டிடம் சொன்னேன். சாலையும் சரியில்லைதான். வெட்டிய மரங்களை அப்போதுதான் அறுத்து ஓரம் தள்ளியிருந்தார்கள்.

அஞ்சலையின் வயலோரம் ஜீப் நின்றதும், மக்காச்சோளத்தின் ஓரத்திலிருந்து அவர் வேகமாக வந்தார். கையில் களைக்கொத்து. களை எடுக்கும் பருவம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

“இன்னா சார், செவ்வாக்கெழமதான ஒங்க நாளு? இன்னிக்கி வந்துகினு கீறீங்க, கூட்டமா வேற?”

பலகையை வைத்திருந்த இடத்தில் பலகை இல்லை. நான் வயலைப் பார்த்தேன். காற்று இல்லை. ஆனால் உள்ளே தள்ளி, மக்காச்சோளப் பூக்கொண்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக அசைந்தன. பன்றி புகுந்தால் வளைந்து வளைந்து அசையும். மாடு புகுந்தால் தட்டை முறியும் சத்தம் வரும். இது நேர்க்கோட்டில், சத்தமில்லாமல், உள்ளே போய்க்கொண்டிருந்தது. மக்காச்சோளத்தின் இலை முகத்தைக் கிழிக்காமல் ஒரு மனிதன் வேகமாக நடக்க அந்த வயலில் ஒரே வழிதான் உண்டு. சோயா வரிசை. அந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்ததே நான்தான்.

அஞ்சலை என் கண் போன திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊரில் எல்லாரிடமும் வாயடிக்கும் அந்தப் பெண்மணியின் முகத்தில் அன்று ஒரு சொல்கூட இல்லை. சேகர் உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்துவிட்டது.

“உள்ள போய்ப் பாத்துடலாம்” என்றார் ஆய்வாளர்.

உள்ளே போய்ப் பார்க்கத்தான் நான் அவரை அழைத்து வந்திருந்தேன். என் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இந்த மனிதர் சோயாவைப் பார்க்க வேண்டும். சோயாவைப் பார்க்கப் போனால் இன்னொருத்தி பெற்ற பிள்ளையையும் பார்த்துவிடுவார். வரப்பில் ஒரு காலை வைத்தவன், அடுத்த காலை வைக்காமல் நின்றேன்.

“உள்ள போவாதீங்க சார்” என்றார் அஞ்சலை. “காலையிலதான் மருந்து அடிச்சிகிறேன்.”

“என்ன மருந்து?”

அவர் மோட்டார் கொட்டாய்க்குப் போய்க் கூரையில் கையை விட்டு எடுத்துவந்தார். அதே அட்ரசின் பாக்கெட். தூசி படிந்து விறைத்திருந்தது. விதைத்த மூன்று நாளுக்குள் மண்ணுக்கு அடிக்க வேண்டியதை, பூத்து நிற்கும் பயிருக்கு அடித்ததாகச் சொல்கிறார். அடித்தால் சோயா கருகிவிடும். அதைவிட மோசம், பாக்கெட்டின் வாய் பிரிக்கப்படவே இல்லை.

ஆய்வாளர் உதவி இயக்குநரைப் பார்த்தார். உதவி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாக்கெட்டைக் கையில் வாங்கினார். பிரிக்காத வாய்ப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, அதில் இருந்த எழுத்துகளையெல்லாம் நிதானமாகப் படித்தார். அப்படிப் பிடிப்பது அவர் வழக்கமாகவும் இருக்கலாம். பிறகு பயிரைப் பார்த்தார். உள்ளே ஒரு கொண்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“கடும் நஞ்சு. மூன்று நாள்களுக்கு எவரும் உட்புகலாகாது” என்றார்.

ஆய்வாளர் வரப்பிலிருந்து சாலைக்கு வந்துவிட்டார். ஏட்டு இன்னும் கொஞ்சம் தூரமாகப் போய் நின்றார்.

அஞ்சலைக்கு வாய் திரும்பியது. “ஓரத்துல அடிக்கல சார், இருங்க” என்று முதல் வரிசையிலிருந்து ஒரு சோயாச் செடியை வேரோடு பிடுங்கிவந்தார். ரோமம் படர்ந்த காய்கள் தொங்கின. வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். மண்ணில் தழைச்சத்து சேர்க்கும் முடிச்சு அதுதான் என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஆய்வாளர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பலகை?”

அஞ்சலை திரும்பி வாய்க்காலுக்குப் போனார். வாய்க்காலின் குறுக்கே, கால் நனையாமல் தாண்டுவதற்கு ஒரு பலகை கிடந்தது. அதை எடுத்துத் திருப்பித் தண்ணீரில் அலசினார். கலைச்செல்வியின் பச்சை எழுத்து வெளியே வந்தது. ‘சோயா மொச்சைக்கு’.

ஜீப்பின் முன்பக்கத்தில் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தார்கள். விரிசல் பொருந்தியது. ஆய்வாளர் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். உதவி இயக்குநர் ‘மொச்சைக்கு’வில் இருந்த ‘கு’வைத் தொட்டு, “நான்காம் வேற்றுமை” என்று மெதுவாகச் சுட்டிக்காட்டினார்.

“யாரும்மா இத ஒடச்சது?” என்றார் ஆய்வாளர்.

“காத்து சார்.”

“காத்து கீழ் பாதிய மட்டும் ஊர்வலத்துக்குத் தூக்கிட்டுப் போச்சா?”

“எங்க ஊரு காத்து அப்படித்தான் சார். இன்னா இருந்தாலும் கேக்காத பயிருக்கு எடம் குடுத்தாங்க. கேக்கறவன அடிக்கிறீங்க. காத்துக்கே பொறுக்கல.”

ஏட்டு தரையைப் பார்த்தார். ஆய்வாளர் பலகையை இன்னொரு முறை பார்த்தார். “எழுத்து நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்தப் பாராட்டைக் கேட்டதும் நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் உதவி இயக்குநர் எழுந்து, ஊடுபயிர் என்பதே நல்ல தமிழ்ச் சொல், அதையே பயன்படுத்துக என்றார். அடுத்த ஆண்டு எங்கள் வட்டாரத்தில் கோழிகள் நன்றாகக் கொழுத்தன.

அந்தத் திடலின் அறுவடைக்கு முன்பு சேத அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நட்ட நடு வயலில், ஒரு சோயா வரிசையில், ஓர் ஆள் நீளத்துக்குச் செடிகள் படுத்துக் கிடந்தன. காரணம் என்ற இடத்தில் ‘காற்று’ என்று எழுதினேன். அறிக்கை கையெழுத்தாகித் திரும்பி வந்தது. என் பணிக்காலம் முழுவதிலும் சிவப்பு மை படாமல் அவரிடமிருந்து திரும்பிய தாள் அது ஒன்றுதான். அன்று அவர் பாக்கெட்டைப் படித்தது தெரியாமலா, தெரிந்தா என்று நான் கேட்கவில்லை. அவர் மாற்றலாகிப் போகும் நாளிலும் கேட்கவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது கலைச்செல்வி பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். அந்த இளைஞர்கள் அவளைப் பள்ளிக்கே போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டார்களாம். பலகையையும் கொடுத்துவிட்டார்களாம்.

“அப்பா, போராட்டமும் முடிஞ்சிது, ஒதுக்கீடும் வந்திச்சி. நானும் வேலைக்கிப் போய்க்கினு இருக்கேன். இன்னும் இன்னாத்துக்குப் பயப்படறீங்க?”

“பலகை ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டேன்.

“ரெண்டு.”

துறை மாறவே இல்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். மேல் பலகையில் ‘சோயா ஒரு வரிசை’, கீழ்ப் பலகையில் ‘மக்காச்சோளம் இரண்டு வரிசை’. அதன் கீழே சின்னதாகத் துறையின் பெயர். நான் குனிந்து மேல் பலகையைத் துண்டால் மறைத்துக் கீழே இருப்பதைப் படித்தேன். பிறகு கீழ்ப் பலகையை மறைத்து மேலே இருப்பதைப் படித்தேன்.

“எந்தப் பாதி போனாலும் பரவாயில்லையா?” என்றாள் கலைச்செல்வி, தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

இரண்டையும் இன்னொரு முறை மறைத்துப் பார்த்தேன். பரவாயில்லை என்றுதான் தோன்றியது. துறையின் பெயரை மட்டும் ஈரம் காய்வதற்குள் அழித்துவிடச் சொன்னேன்.